பழைய அம்பாசடரில் கார்புரேட்டரும் பம்பும் கழற்றும்போது பெட்ரோல் கசிவைத் தவிர்ப்பது எப்படி?

கேள்வி: காரைக்குடி_மார்க்2

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1972-ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2 ஒன்று இருக்கிறது. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், எஸ்.யூ. நிறுவனக் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்), எஞ்சினோடு சேர்ந்து ஓடும், ஏ.சி. என்ற நிறுவன வகை மெக்கானிக்கல் பம்ப் என எல்லாம் பழைய அமைப்பிலேயே உள்ளன. அடுத்த மாதம் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யவும், பம்பைப் பிரித்து டயாஃப்ரம் (பெட்ரோலை இழுத்துத் தள்ளும் சவ்வு) மாற்றவும், பின்னாலுள்ள டாங்கிலிருந்து எஞ்சின் வரை வரும் பாதையில் இருக்கும் ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும் புதிதாகப் போடவும் எண்ணியிருக்கிறேன்.

பிரேக், கிளட்ச் வேலைகளை நானே செய்து பழகியிருந்தாலும், பெட்ரோல் பாதையில் கை வைப்பதற்குத் தயக்கமாக இருக்கிறது. வழக்கமாக வரும் மெக்கானிக், பம்பிலிருந்து பைப்பைக் கழற்றியதும் அதன் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மறுகையால் துணியைத் தேடுவார். அதற்குள் கால் லிட்டராவது தரையில் போய்விடும். அதைவிடத் தொல்லையானது, வேலை முடிந்த சில நாட்களில், அதுவரை ஈரமே காணாத ஏதோவொரு இணைப்பு வியர்க்கத் தொடங்குவதுதான். ஒரு கசிவைச் சரிசெய்யப் போய் இன்னொரு கசிவை வாங்கி வருவதாகவே இது இருக்கிறது.

டாங்கை முழுவதும் காலி செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா, அல்லது பெட்ரோலை வழியிலேயே தடுத்து நிறுத்த முறை உண்டா? கழற்றிய வாஷர், கேஸ்கெட் ஆகியவற்றில் எவற்றை மீண்டும் போடலாம்? இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும், 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு எந்த ஹோஸ் தாங்கும்? வண்டி நிற்பது வீட்டு முகப்பிலுள்ள போர்ட்டிகோவில். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரும் இன்வெர்ட்டரும் அங்கேயே இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி: இஞ்ச்_ஸ்பேனர்

ஐயா, வணக்கம். நீங்கள் கடைசி வரியில் சொல்லியிருப்பதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகக்கூடியது. அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளமான இடத்தில் தங்கிவிடும். காற்றில் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு சிறு பொறி போதும். மோட்டார் ஸ்டார்ட்டரின் காண்டாக்ட் ஒவ்வொரு முறை சேரும்போதும் பிரியும்போதும் பொறி விடுகிறது. கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் ரிலேயும் அதையே செய்கிறது. ஆகவே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் திறந்த வெளியில் நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வாசலுக்கு நேரே பூஜையறை இருந்தால் அன்று விளக்கேற்றும் நேரத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்டுச் சிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் தரையோடு போகும் ஆவிக்கு நிலைப்படி ஒரு தடையே அன்று.

எஞ்சின் முழுமையாக ஆறியிருக்க வேண்டும். இந்த எஞ்சினில் கலவை உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், கார்புரேட்டருக்குக் கீழேயே அமைந்திருப்பதால், மேலே சிந்தும் ஒவ்வொரு துளியும் எக்ஸாஸ்டின் மீதுதான் விழும். அடுத்தது பேட்டரி. பாடியோடு இணைந்திருக்கும் முனையை முதலில் கழற்றுங்கள். அந்தக் காலத்து வண்டிகளில் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த, பாசிட்டிவ் எர்த் உள்ளவையும் உண்டு என்பதால், நிறத்தைப் பார்க்காமல், கேபிள் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்துக் கழற்றுவது நல்லது. தொங்கவிடும் குண்டு பல்பு விளக்கு வேண்டாம், பகல் வெளிச்சமே போதும். உலர் பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவுமே தவிர அணையாது.

இனி, கட்டைவிரல் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே நடப்பது சைஃபன். டாங்கிலுள்ள பெட்ரோல் மட்டம், நீங்கள் பைப்பைத் திறந்துவைத்திருக்கும் இடத்தைவிட உயரமாக இருந்தால், பைப் டாங்கின் மேல்பக்கத்திலிருந்து கிளம்பினாலும், ஒருமுறை ஓடத் தொடங்கிய பெட்ரோல் மட்டம் சமமாகும் வரை நிற்காது. எனவே பெட்ரோலைத் தடுப்பதைவிட மட்டத்தை மாற்றுவது எளிது. டாங்கில் கால் பங்குக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கும் நாளாகப் பார்த்து, வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்திப் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டால், பம்ப் உயரத்துக்குப் போய்விடும். பெட்ரோல் தானாகவே பின்னுக்கு இறங்கிவிடும். வெயிலில் நின்ற வண்டியாக இருந்தால் டாங்குக்குள் ஆவி அழுத்தம் சேர்ந்திருக்கும். மட்டம் தாழ்வாக இருந்தாலும் அந்த அழுத்தம் பெட்ரோலைத் தள்ளிவிடும் என்பதால், பைப்பைத் தொடுவதற்கு முன் ஃபில்லர் மூடியை ஒருமுறை திறந்து, மூச்சு விட்டதும் மூடிவிடுங்கள்.

முழுவதும் காலி செய்வது ஹோஸ் மாற்றும் நாளுக்கு மட்டுமே தேவைப்படும், அதுவும் டாங்கை ஒட்டிய ஹோஸைக் கழற்றும்போதுதான். இந்த வண்டியின் டாங்க் சுமார் 54 லிட்டர் பிடிக்கும். ஆனால் விற்பனைக்கல்லாத பெட்ரோலை உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரையில்தான் ஒருவர் வைத்திருக்கலாம் என்பது 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டத்தில் உள்ள வரம்பு. ஆகவே ஓட்டித் தீர்த்துவிட்டு மிச்சத்தை மட்டும் இறக்குங்கள். இறக்குவதற்குத் தண்ணீர் கேனோ பெயிண்ட் வாளியோ உதவாது. மூடியுள்ள உலோக ஜெர்ரி கேனை வெறுந்தரையில் வைத்து, ஹோஸின் நுனி கேனின் வாயைத் தொட்டபடி இருக்குமாறு மெதுவாக இறக்க வேண்டும். உயரத்திலிருந்து விழும் பெட்ரோல் நிலைமின்னேற்றத்தை உண்டாக்கும். வாயால் உறிஞ்சித் தொடங்கிவைக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

மறுமொழி: கோவை_லேத்

முன்னவர் சொன்ன எல்லாவற்றுக்கும் உடன்படுகிறேன். வேலைக்குப் பிறகு புதிய இடத்தில் வியர்ப்பது பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் பெட்ரோல் பாதையைப் பொறுத்தவரை, முதுமையைவிட அரைகுறையாகத் தொட்டுவிட்டு விட்ட இணைப்புகளே அதிகம் கசிகின்றன என்பது என் கருத்து. பல ஆண்டுகளாக ஒரே நிலையில் அழுந்திக் கிடந்த ஃபைபர் வாஷர் அந்த மேடு பள்ளத்துக்கேற்பப் பதிந்து போயிருக்கும். அதைக் கழற்றித் திருப்பி மாட்டினால் பழைய பதிவு புதிய இடத்தோடு ஒருபோதும் பொருந்தாது. மேலும் இறுக்கினால் நின்றுவிடும் என்று நினைத்து முறுக்கும்போதுதான் பம்பின் வார்ப்பு உடலிலுள்ள மரை போய்விடுகிறது. ஃபைபர் வாஷர், கார்க் கேஸ்கெட், கார்புரேட்டர் மூடியின் காகித கேஸ்கெட் ஆகிய மூன்றும் திறந்தால் மாற்ற வேண்டியவை. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

எஸ்.யூ. கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் இடம் இரு வகையாக அமைந்திருக்கும். எச் வகையில் ஃப்ளோட் சேம்பர் (மிதவையால் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் கிண்ணம்) மூடியின் மீது பான்ஜோ போல்ட், அதாவது வளைய முனையைப் பிடிக்கும் துளையுள்ள போல்ட், இருக்கும். அதற்கு இரண்டு வாஷர்கள், ஒன்று பான்ஜோவுக்கு மேலே, ஒன்று கீழே. எச்.எஸ். வகையில் ஹோஸ் நேராகச் செருகும் குழல் இருக்கும். எச்.எஸ். என்றால் ஃப்ளோட் சேம்பரின் அடியிலிருந்து ஜெட்டுக்கு (பெட்ரோல் வெளிவரும் நுண்துளை) போகும் மெல்லிய நைலான் குழாயைக் கவனியுங்கள். அதன் முனையிலுள்ள நட்டுக்குள் ஒரு சிறு ரப்பர் வளையம் இருக்கிறது. கார்புரேட்டரைக் கையில் எடுக்கும்போது அந்தக் குழாயைப் பிடித்துத் தூக்கிவிட்டால், அன்று ஒன்றும் தெரியாது. ஓட ஓட அங்கிருந்து ஊறத் தொடங்கும். இரு வகையிலும் மூடியில் ஓர் ஓவர்ஃப்ளோ வழி உண்டு. சேம்பருக்குள் பெட்ரோல் வருவதை மிதவையோடு சேர்ந்து மூடும் நீடில் வால்வில் துரு மாட்டி மூடாமல் போனால் மிகுதிப் பெட்ரோல் அதன் வழியாகத்தான் வெளியேறும். அதற்கான குழாயை எக்ஸாஸ்டைத் தாண்டிக் கீழே வரை இறக்கியிருக்க வேண்டும். பல வண்டிகளில் இந்தக் குழாய் எப்போதோ தொலைந்துபோய், வெறும் துளை மட்டுமே மேனிஃபோல்டைப் பார்த்தபடி நிற்கிறது.

உலோகப் பைப்பைப் பம்போடு இணைக்கும் யூனியன் நட்டைக் கழற்ற எப்போதும் இரண்டு ஸ்பேனர் வேண்டும்: ஒன்று பம்பில் திருகியிருக்கும் அடாப்டரைப் பிடித்துக்கொள்ள, மற்றொன்று நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரால் திருப்பினால் நட்டோடு பைப்பும் முறுகும். பழைய செப்புப் பைப் அதிர்விலேயே இறுகிப்போயிருப்பதால், நட்டுக்குச் சற்றுப் பின்னால் மயிரிழை விரிசல் விழும். இந்த வண்டியில் எல்லாம் இஞ்ச் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு நட்டின் முனைகளை மழுக்கிவிடாதீர்கள். பிரேக் பைப்புக்குப் பயன்படும், ஒரு பக்கம் வெட்டு உள்ள ரிங் ஸ்பேனர் இதற்கு மிகப் பொருத்தமானது.

டெஃப்ளான் டேப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யூனியன் இணைப்பில் பெட்ரோலைத் தடுப்பது மரை அன்று, உள்ளே பைப்பின் விரிந்த நுனியோ பித்தளை வளையமோ தன் இருக்கையில் அழுந்துவதுதான். மரையில் டேப் சுற்றுவதால் கசிவு நிற்கப் போவதில்லை. அதன் பிசிறுகள் பெட்ரோலோடு போய் நீடில் வால்வில் சிக்கி, கார்புரேட்டர் வழிவதற்குத்தான் உதவும்.

பெட்ரோல் ஓட்டத்தை வழியில் நிறுத்த ஒரு சிறு வசதி செய்துகொள்ளலாம். லேத் பட்டறையில் உங்கள் பைப்புக்குரிய அளவில் இரண்டு யூனியன் நட்டுகளைக் கொடுத்து, துளையைப் பித்தளையால் அடைத்து வாங்கிக்கொள்ளுங்கள். பம்பைக் கழற்றியவுடன் பம்பின் வாயை அதனால் மூடலாம். ரப்பர் ஹோஸின் வாயை அடைக்க, மரையில்லாத வழவழப்பான தண்டுள்ள போல்ட் ஒன்று போதும், அதன் மேல் கிளிப்பையும் மாட்டிவிடலாம். ஹோஸைக் குறடால் நசுக்குவது அது எப்படியும் தூக்கியெறியப் போகிற ஹோஸாக இருந்தால் மட்டுமே சரி.

ஹோஸைப் பொறுத்தவரை, எத்தனால் பழைய வகை ரப்பரை ஊதவைத்துப் பிறகு வெடிக்கச் செய்கிறது. ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால் டாங்கின் அடியில் துருவுக்கும் வழி செய்கிறது. ஹோஸின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்; அதன் உட்பூச்சு ஃப்ளோரோ ரப்பரால் ஆனது. ஆர்6 என்பது எத்தனாலுக்கு முந்தைய காலத்துக்கானது. மீட்டர் கணக்கில் வெட்டித் தரும், எழுத்தே இல்லாத கருப்புக் குழாயை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். டயாஃப்ரம் கிட்டிலும் இதே ஆபத்து உண்டு: பெட்டி பிரிக்காதது என்பதற்காகப் பல்லாண்டு பழைய சரக்கை விற்பார்கள். ஐயம் இருந்தால் உதிரி ஹோஸ் துண்டு ஒன்றைப் பெட்ரோலில், மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் சில நாட்கள் ஊறவைத்துப் பாருங்கள். உப்பினாலோ, கருப்பு கரைந்தாலோ அது வண்டிக்கு ஆகாது.

கிளிப் விஷயத்தில், பட்டையில் வரிசையாக வெட்டு உள்ள திருகுக் கிளிப் ரப்பரைச் சீவிவிடும். வெட்டில்லாத, முழு வட்டமாக இறுகும் சிறிய ஃபியூயல் கிளிப்பே சரியானது.

காரைக்குடி_மார்க்2

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று பம்பை வெளியிலிருந்து துடைத்துப் பார்த்தபோது, அதன் உடலின் அடிப்பகுதியில் ஒரு சிறு துளை இருப்பதையும் அதைச் சுற்றி ஈரமாக இருப்பதையும் கண்டேன். பெட்ரோல் வாசனையும் வருகிறது. இது உடைப்பா, அல்லது அமைப்பிலேயே உள்ள துளையா? பம்பைப் பிரிக்கும் நாள் வரை வண்டியை ஓட்டலாமா?

மறுமொழி: இரண்டாவது_கியர்

ஐயா, என் வண்டியில் இந்தத் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மெக்கானிக்கல் பம்பை எடுத்துவிட்டு, டாங்குக்கு அருகே எலெக்ட்ரிக் பம்பும் பித்தளைக் குழாய்த்திருகு ஒன்றும் மாட்டிவிட்டேன். திருகை மூடினால் பெட்ரோல் வருவதே இல்லை என்பதால் கார்புரேட்டர் வேலை மிக எளிதாகிவிட்டது. நீங்களும் இதை யோசிக்கலாம்.

மறுமொழி: இஞ்ச்_ஸ்பேனர்

அந்தத் துளை அமைப்பிலேயே உள்ளதுதான். டயாஃப்ரம் கிழிந்தால் அதைக் காட்டிக்கொடுப்பதற்காக வைத்திருக்கும் துளை அது. அதில் எண்ணெய் ஈரம் என்றால் தண்டின் சீல் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பெட்ரோல் என்றால் டயாஃப்ரம் போய்விட்டது. துளை அழுக்கால் அடைபட்டிருந்தால் அந்தப் பெட்ரோல் வெளியே வராமல் எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்குள் இறங்கும். ஆகவே எண்ணெய் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்: மட்டம் ஏறியிருந்தாலோ, எண்ணெய் நீர்த்துப் பெட்ரோல் வாசனை அடித்தாலோ, எண்ணெயை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. எப்படியிருந்தாலும், இப்போது வண்டியை ஓட்ட வேண்டாம். அடுத்த மாத வேலையை இந்த வாரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பம்பைப் பிரிப்பதற்கு முன் மேல் உடலிலும் கீழ் உடலிலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பைப் வாய்கள் வேறு திசையைப் பார்த்து நிற்கும். புதிய டயாஃப்ரத்தை வைத்துச் சுற்றிலுமுள்ள திருகுகளைத் தளர்வாகப் போட்ட பிறகு, பம்பின் நெம்புகோலை முழுவதும் அழுத்திப் பிடித்து, டயாஃப்ரம் கடைசி வரை கீழே இறங்கியிருக்கும் நிலையில், எதிரெதிராக ஒவ்வொரு திருகாக இறுக்க வேண்டும். நெம்புகோலை விட்டுவிட்டு இறுக்கினால் டயாஃப்ரம் விறைப்பாக உட்கார்ந்து, ஓடும்போது ஓரங்களில் இழுபட்டு, விரைவில் மீண்டும் கிழியும். இதற்கு மூன்றாவது கை தேவைப்படும். வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள். எஞ்சினோடு சேரும் இடத்திலுள்ள கேஸ்கெட்டின் கனத்தையும் மாற்றிவிடாதீர்கள், பம்பின் வீச்சு அதைப் பொறுத்தது.

நண்பர் சொன்ன எலெக்ட்ரிக் பம்ப் பற்றி எனக்கு உடன்பாடில்லை. எஸ்.யூ. நீடில் வால்வு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 பவுண்டு அழுத்தம் வரை வசதியாகத் தாங்கும்; கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் பம்புகளில் பல அதைவிடக் கூடுதலாகத் தள்ளி, நீடிலைத் திறந்துவிடும். அது மட்டுமன்று. எஞ்சின் நின்றால் மெக்கானிக்கல் பம்பும் நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்ப், சாவி திறந்திருக்கும் வரை, மோதிய வண்டியிலும் அறுந்த ஹோஸ் வழியாகப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைப் போடுவதென்றால் அழுத்தக் குறைப்பியும், மோதலில் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் சேர்த்துத்தான் போட வேண்டும். டாங்கருகே குழாய்த்திருகு வைப்பதை மட்டும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு திருகு என்பது இரண்டு புதிய இணைப்புகள் என்பதையும், சக்கரம் வாரியிறைக்கும் கல் படாத இடத்தில் அது அமைய வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

டாங்கைக் கீழே இறக்கி, அதில் துருத் துளை இருப்பதைக் கண்டால், பக்கத்து வெல்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பெட்ரோல் நிறைந்த டாங்கைவிட, காலியான டாங்குதான் வெடிக்கும். உள்ளே இருப்பது ஆவியும் காற்றும் கலந்த கலவை. அந்த வேலையைத் தொடர்ந்து செய்து, டாங்கை முறையாக ஆவியகற்றும் வழக்கமுள்ள பட்டறையிடம் மட்டுமே கொடுங்கள். ஃப்ளோட்டுக்கும் இதே விதிதான். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே பெட்ரோல் ஆடும் ஓசை கேட்கிறதென்றால், அதைப் பற்றவைக்க முயல்வதைவிடப் புதியது வாங்குவது மலிவு.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு உடனே சாவியைத் திருப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு இணைப்பையும் துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்தி, அதன் மேல் பள்ளிக்கூடச் சாக்பீஸால் தேய்த்து வெள்ளையாக்குங்கள். அதன்பின் பம்பின் கைநெம்பை அழுத்தி, ஃப்ளோட் சேம்பர் நிரம்பி நெம்பு தளர்ந்துபோகும் வரை பெட்ரோலை ஏற்றுங்கள். எஞ்சினுக்குள் பம்பை இயக்கும் கேம் உயர்ந்த நிலையில் நின்றிருந்தால் கைநெம்பு வேலை செய்யாது; எஞ்சினை ஒரு சுற்று கையால் சுற்றிவிட்டு மீண்டும் முயலலாம். பெட்ரோல் ஏறிய பின் கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். கண்ணுக்குத் துளி தெரியாத கசிவும் சாக்பீஸில் கருத்த வளையமாகத் தெரியும். அடியில் விரித்த செய்தித்தாள் மிச்சத்தைச் சொல்லும். கசியும் இணைப்பை இறுக்குவதற்கு முன், அதைத் திறந்து வாஷரின் நிலையைப் பார்த்துவிடுங்கள்.

உலர்ந்திருந்தால் பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து, போனட் திறந்த நிலையில், ஐடிலில் ஓடவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு இடமாகப் பாருங்கள். கை அதிர்வில் தெரியாத கசிவு எஞ்சின் அதிர்வில் தெரியும். நன்கு சூடேறியதும் அணைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஓடும்போது காற்றும் புதிய பெட்ரோலும் கார்புரேட்டரைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும். எஞ்சின் நின்ற பிறகு மேனிஃபோல்டின் சூடு முழுவதும் மேலேறி ஃப்ளோட் சேம்பரைக் கொதிக்கவைப்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான். மூடி கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை என்றால் அப்போதே ஊறும்.

ரப்பர் ஹோஸ் புதிதாக இருக்கும்போது கிளிப்புக்குக் கீழே சற்று அமுங்கி உட்காரும் என்பதால், முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின், எஞ்சின் குளிர்ந்த நிலையில், கிளிப்புகளை மட்டும் ஒருமுறை சரிபார்த்து, தேவையானால் கால் திருப்பு இறுக்குங்கள். யூனியன் நட்டுகளைத் தொட வேண்டியதில்லை. பம்ப் துளையைச் சுற்றி ஈரம் திரும்ப வந்தால் இங்கே எழுதுங்கள். எண்ணெயா பெட்ரோலா என்பதையும் சேர்த்து.